ஆர்டர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால்...

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் இருந்த ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இருந்தபடியே ஒரு சி.டி. வாங்கினார். விற்றது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா என்ற ஊரில் ஒரு சாதாரண வீட்டில் சில இளைஞர்கள் நடத்திய 'நெட்மார்க்கெட்' என்ற கடை. வாங்கிய சி.டி., பாடகர் ஸ்டிங்கின் 'டென் சம்மனர்ஸ் டேல்ஸ்'. விலை 12 டாலர் 48 சென்ட், தபால் செலவு தனி.

ஒரு சி.டி. விற்றதில் என்ன பெரிய விசேஷம் என்று தோன்றலாம். விசேஷம் பணம் போன விதத்தில்தான். வாங்கியவரின் கிரெடிட் கார்டு எண், வழியில் யார் எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி சங்கேத எழுத்தாக மாறிப் போனது. மறுநாளே நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாகப் போட்டது. இணைய வியாபாரத்தின் தொடக்கம் எது என்று கேட்டால் பலர் இந்த நாளைத்தான் காட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த மனிதரின் கார்டு எண் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் உலகத்துக்கே தெரியும்! அது ஒரு செயல்விளக்கம் என்பதால் அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான இணையக் கடைகளும் இதே கணக்கில்தான் நடந்துகொண்டன. பூட்டெல்லாம் கார்டு எண்ணுக்கு. வாங்கிய பொருளின் பட்டியல் திறந்த அலமாரியில்.

கார்டு பற்றிய பயம் நியாயமானதுதான். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 'சி.டி. யுனிவர்ஸ்' என்ற இணையக் கடையில் இருந்து சுமார் 3 லட்சம் கார்டு எண்களைத் திருடிவிட்டதாகச் சொன்ன ஒருவன், 'மேக்ஸஸ்' என்ற புனைபெயரில் 1 லட்சம் டாலர் கேட்டு மிரட்டினான். கடை கொடுக்க மறுத்தது. உடனே ஆயிரக்கணக்கான எண்களை இணையத்தில் கொட்டிவிட்டான். ஊரே பதறியது. ஆனால் பிறகு நடந்தது என்ன? வங்கிகள் பழைய கார்டுகளை ரத்து செய்து புதியவற்றை அனுப்பின. திருட்டுப் போன கார்டுக்கு வாடிக்கையாளர் 50 டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்று அமெரிக்காவில் 1970களிலேயே சட்டம் இருந்தது. அலைச்சல் உண்டு, நஷ்டம் பெரும்பாலும் வங்கிக்கும் கடைக்கும்தான்.

வாங்கிய பொருளின் கதை அப்படி அல்ல. கார்டு எண்ணை மாற்றலாம். போன வருடம் எந்த மருந்து வாங்கினோம், எந்தப் புத்தகத்தை யார் விலாசத்துக்கு அனுப்பினோம் என்பதை எந்த வங்கியாலும் மாற்றித் தர முடியாது.

இது அமெரிக்கர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இணையக் கடைகள் வருவதற்கு முன்பே அவர்கள் இதற்காக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். 1987இல் ஜனாதிபதி ரீகன், ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப் பெயர் கொடுத்தார். செனட் சபையில் பெரிய சண்டை. அந்த நேரத்தில் வாஷிங்டனில் வெளிவந்த 'சிட்டி பேப்பர்' என்ற வாரப் பத்திரிகையின் நிருபர், போர்க் வழக்கமாக வீடியோ கேசட் எடுக்கும் கடைக்குப் போய், அவர் எடுத்த படங்களின் பட்டியலைக் கேட்டார். கடைக்காரர் கொடுத்துவிட்டார்! 146 படங்கள். ஏதாவது மாட்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: ஹிட்ச்காக் படங்கள், துப்பறியும் படங்கள் என்று எந்தத் தாத்தாவும் பார்க்கக்கூடிய படங்கள்தான் இருந்தன. போர்க் கடைசியில் 58க்கு 42 என்ற கணக்கில் தோற்றார், ஆனால் காரணம் கேசட் அல்ல.

பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோதும் இரண்டு கட்சி உறுப்பினர்களும் அரண்டுபோனார்கள். (அவரவர் வீடியோ கடைக் கணக்கு அவரவருக்குத்தானே தெரியும்.) 1988லேயே வீடியோ அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒருவர் எடுத்த படத்தின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொன்னால், கடை அவருக்குக் குறைந்தது 2,500 டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது வீடியோவுக்கு மட்டும். புத்தகம், துணி, மருந்து, பொம்மை எதுவும் அதில் இல்லை. ஏன் என்றால், வெளியான பட்டியல் வீடியோப் பட்டியல்!

இந்த ஓட்டை வழியாகத்தான் இணையக் கடைகள் உள்ளே வந்தன. 1999 ஆகஸ்டில் அமேசான் 'பர்ச்சேஸ் சர்க்கிள்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. இந்த ஊர்க்காரர்கள் அதிகம் வாங்கும் புத்தகம் எது, இந்தக் கம்பெனி ஊழியர்கள் அதிகம் வாங்குவது எது என்று பட்டியல் போட்டுப் பொதுவில் வைத்தது. தனிமனிதர் பெயர் இல்லையே என்பது அமேசான் தரப்பு வாதம். ஆனால் ஒரு கம்பெனி ஆட்கள் என்ன படிக்கிறார்கள் என்று போட்டிக் கம்பெனி பார்த்தால், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று ஊகித்துவிடலாம். ஐ.பி.எம். தன் பெயரை எடுக்கச் சொன்னது. எதிர்ப்பு வந்த சில நாட்களிலேயே, வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அமேசான் இறங்கி வந்தது.

அடுத்த வருடம் நடந்தது இன்னும் மோசம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'டாய்ஸ்மார்ட்' என்ற இணையப் பொம்மைக் கடை. பெரும்பங்கு டிஸ்னியின் கையில். டாட்காம் குமிழி உடைந்தபோது 2000 மே மாதம் கடை மூடப்பட்டது. கடன்காரர்களுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பொம்மை இருந்தது, மேஜை நாற்காலி இருந்தது, வாடிக்கையாளர் பட்டியலும் இருந்தது. அதையும் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தார்கள். அதில் பெற்றோர் பெயர், விலாசம், வாங்கிய பொருட்கள், பிள்ளைகளின் பெயர், பிறந்தநாள் எல்லாம் உண்டு. 'உங்கள் விவரத்தை எந்தக் காலத்திலும் வெளியாருக்குக் கொடுக்க மாட்டோம்' என்று எழுதி வைத்திருந்த கடை இது!

மத்திய வர்த்தக ஆணையம் ஜூலையில் வழக்குப் போட்டது, அதே மாதம் சமரசமும் செய்துகொண்டது. பட்டியலைத் தனியாக விற்கக் கூடாது. கடையை முழுதாக வாங்கும் அதே தொழில்காரருக்கு வேண்டுமானால் விற்கலாம். ஐந்து ஆணையர்களில் இருவர் இதை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் வாங்க ஆள் வரவில்லை. 2001 ஜனவரியில் டிஸ்னியின் துணை நிறுவனம் 50,000 டாலர் கொடுத்தது. எதற்கு? பட்டியலை அழிப்பதற்கு. பிள்ளைகளின் பிறந்தநாள் தெருவுக்கு வராமல் போனதற்குக் காரணம் சட்டம் என்பதைவிட, டிஸ்னிக்குத் தன் பெயர் கெடக் கூடாது என்ற கவலை என்றே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் இணையத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, சுவரும் கூரையும் உள்ள ஒரு சாதாரணப் புத்தகக் கடைக்குப் போய் வரலாம். காரணம் இருக்கிறது.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில் 'டாட்டர்ட் கவர்' என்று பெயர் பெற்ற புத்தகக் கடை. உரிமையாளர் ஜாய்ஸ் மெஸ்கிஸ் என்ற பெண்மணி. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அந்தப் பக்கத்துப் போலீசார் ஒரு வீட்டில் போதைமருந்து காய்ச்சும் சாமான்களைப் பிடித்தார்கள். கூடவே போதைமருந்து தயாரிப்பது எப்படி என்று சொல்லும் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. வெளியே குப்பையில் டாட்டர்ட் கவர் கடையின் தபால் உறை ஒன்று கிடந்தது. உறைமேல் அந்த வீட்டில் இருந்த ஒருவரின் பெயரும் ஒரு பில் எண்ணும். உள்ளே எதுவும் இல்லை. அந்த வீட்டில் பலர் வந்துபோய் இருந்தார்கள். காய்ச்சியது யார் என்று நிரூபிக்க வேண்டும். அந்த பில் எண்ணுக்கு என்ன புத்தகம் அனுப்பினீர்கள் என்று கடையிடம் கேட்டார்கள்.

ஜாய்ஸ் மெஸ்கிஸ் சொல்ல மறுத்துவிட்டார். போலீசார் சோதனை வாரண்டோடு கடைக்கே வந்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் அந்த ஒரு பில்லைப் பொறுத்தவரை தோற்றார். மேலே போனார். 2002 ஏப்ரல் 8ஆம் தேதி கொலராடோ உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெயர் தெரியாமல் புத்தகம் வாங்குவதும் படிப்பதும் பேச்சுரிமையின் ஒரு பகுதி, வேறு வழியே இல்லை என்று காட்டாமல் போலீஸ் கடையின் கணக்கைத் தொடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த உறையில் போன புத்தகம் எது என்பது பின்னால் வெளியே வந்தது. ஜப்பானிய எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம்!

ஒரே ஒரு பில் எண். போலீசாருக்கு வாரண்ட் இருந்தது, குற்றம் இருந்தது, இரண்டு வருடம் கோர்ட் ஏறினார்கள். அப்படியும் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கடை வாயிலிருந்து வாங்க முடியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு, தீர்ப்பு வந்த அதே 2002இல் இணையத்தில் நடந்ததைப் பாருங்கள்.

'விக்டோரியாஸ் சீக்ரெட்' என்பது பெண்களின் உள்ளாடை விற்கும் பெரிய நிறுவனம். அதன் இணையதளத்தில் ஆர்டர் கொடுத்தவர்கள், பொருள் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் தன் ஆர்டரைப் பார்த்த ஒரு வாடிக்கையாளருக்கு, எண்ணை மாற்றினால் வேறு யாரோ ஒருவருடைய ஆர்டர் வருவது தெரிந்தது. பெயர், விலாசம், வாங்கிய உள்ளாடை, எல்லாம். 2002 ஆகஸ்டில் இருந்து நவம்பர் வரை இந்தக் கதவு திறந்தே கிடந்தது. 560க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரம் இப்படிப் பார்க்கக் கிடந்ததாக நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சரின் அலுவலகம் பின்னர் கண்டறிந்தது. கார்டு எண் எதுவும் இதில் இல்லை.

அதே வருடக் கடைசியில் 'டவர் ரெக்கார்ட்ஸ்'. சிவப்பு மஞ்சள் பலகையோடு உலகம் முழுக்கக் கிளை வைத்திருந்த இசைக் கடை. அதன் இணையதளத்தில் ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் முகவரியைத் தட்டினால் அவருடைய ஆர்டர் திறக்கும். பணம் கட்டும் பகுதியைக் கடைக்காரர்கள் புதிதாக மாற்றி எழுதியபோது, 'கேட்பவர் இந்த ஆர்டரின் சொந்தக்காரர்தானா?' என்று சோதிக்கும் துண்டு நிரல் விட்டுப்போனது. முகவரியில் இருக்கும் ஆர்டர் எண்ணை மாற்றினால் போதும்; அடுத்தவரின் பெயர், விலாசம், மின்னஞ்சல், போன் எண், இதுவரை வாங்கிய எல்லாம் திரையில். எட்டு நாள். சுமார் 5,225 பேருடைய விவரங்களை அந்நியர்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு அரட்டை அறைகளில் இந்த ஓட்டை பற்றிச் சொல்லி, யார் யார் என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்று பேசிச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று புரிய கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் செருப்பை விடுகிறோம். டோக்கன் எண் 57. திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் செருப்பு கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பவர் டோக்கனையே பார்க்காமல், யார் எந்த எண்ணை வாயால் சொன்னாலும் எடுத்துக் கொடுத்தால்? '58' என்று சொன்னால் பக்கத்து ஆளின் செருப்பு. '59' என்றால் அதற்கடுத்தவருடையது. இணையக் கடைகள் செய்தது இதுதான். எண்கள் வரிசையாக ஓடின, சோதிக்க ஆள் இல்லை. இதைச் செய்ய ஹேக்கர் தேவையில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டத் தெரிந்தால் போதும். அந்தத் தவறுக்கென்று ஒரு தனிப்பெயரே 2007இல் வந்தது. இணையப் பாதுகாப்பு அமைப்பான 'ஓவாஸ்ப்' வெளியிடும் முதல் பத்து ஓட்டைகளின் பட்டியலில் அந்த வருடம் அதற்கு நான்காம் இடம். 2021இல் அது அடங்கும் பிரிவு முதலிடத்துக்கு ஏறியது. இருபது வருடத்தில் தவறு குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தண்டனை? விக்டோரியாஸ் சீக்ரெட் 2003 அக்டோபரில் 50,000 டாலர் கட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லவும், நியூயார்க்காரர்களுக்குப் பணம் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. டவர் மீது மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து 2004 ஏப்ரலில் சமரசம் செய்தது: பாதுகாப்பைச் சரிசெய்ய வேண்டும், பத்து வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளித் தணிக்கை. அபராதம் ஒரு காசு இல்லை.

ஆணையத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆர்டர் விவரத்தைக் காக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பொதுவான சட்டம் இருக்கவில்லை. ஆணையம் பிடித்தது வேறு நூலை: 'பத்திரமாக வைத்திருப்போம் என்று உங்கள் தளத்தில் நீங்களே எழுதினீர்கள், அப்படிச் செய்யவில்லை, ஆகவே வாடிக்கையாளரை ஏமாற்றினீர்கள்.' நியூயார்க்கில் ஸ்பிட்சர் பிடித்ததும் ஏறக்குறைய இதுதான். அதாவது குற்றம் கதவைத் திறந்து போட்டது அல்ல; மூடியிருக்கிறது என்று சொன்னது. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்த கடை இந்த வாதத்தில் இருந்து தப்பித்திருக்கும்! டவர் தணிக்கைக்கு அதிக நாள் இருக்கவும் இல்லை. 2006இல் அமெரிக்காவில் அந்தக் கடையே மூடப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் கவனக்குறைவு. 2007இல் வந்தது கவனக்குறைவு அல்ல, திட்டம். அந்த நவம்பர் 6ஆம் தேதி ஃபேஸ்புக் 'பீக்கன்' என்ற வசதியை 44 இணையதளங்களோடு சேர்ந்து தொடங்கியது. அந்தத் தளங்களில் ஒருவர் எதையாவது வாங்கினால், செய்தி தானாகவே ஃபேஸ்புக்கில் உள்ள அவருடைய நண்பர்களுக்குப் போய்விடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னப் பெட்டி திரையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். சில நொடிகளில் மறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

மாசசூசெட்ஸ்காரர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு மனைவிக்குத் தெரியாமல் கொடுக்க 'ஓவர்ஸ்டாக்' என்ற இணையக் கடையில் வைர மோதிரம் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய நண்பர்கள் நூற்றுக்கணக்கானோருக்கு மோதிரத்தின் விவரம் போனது, தள்ளுபடி விலையில் வாங்கியது உட்பட. அந்த நூற்றுக்கணக்கானோரில் மனைவியும் ஒருவர். இதைப் படித்துச் சிரித்தவர்கள் அதிகம். ஆனால் அதே இடத்தில் மோதிரத்துக்குப் பதில் ஒரு கர்ப்பப் பரிசோதனைக் கருவியையோ, விவாகரத்து பற்றிய புத்தகத்தையோ வைத்துப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றே வாரத்தில் ஃபேஸ்புக் பின்வாங்கியது. டிசம்பர் 5ஆம் தேதி மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார்.

வழக்கு வந்தபோதுதான் பழைய கதை திரும்பி வந்தது. ஆர்டர் விவரத்தை வெளியே சொன்னதற்கு எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது? வக்கீல்கள் தேடிப்பிடித்த சட்டங்களில் ஒன்று, போர்க்கின் 146 கேசட்டால் பிறந்த அதே 1988ஆம் வருடச் சட்டம்! பீக்கன் கூட்டாளிகளில் பிளாக்பஸ்டர் என்ற வீடியோ நிறுவனமும் இருந்ததால் அது கைகொடுத்தது. மோதிரத்துக்குச் சட்டம் இல்லை, வீடியோவுக்கு இருந்தது. 2009இல் 95 லட்சம் டாலர் சமரசத்தோடு பீக்கனை மூடினார்கள். பெரும்பகுதிப் பணம் அந்தரங்கப் பாதுகாப்புக்கான ஒரு அறக்கட்டளைக்குப் போனது. வழக்கில் பெயர் கொடுத்த சிலரைத் தவிர, விவரம் போனவர்கள் யாருக்கும் பங்கு இல்லை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாதபடி 2021இல் இந்தியாவுக்கே வந்தது. நம் ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் டாமினோஸ் பீட்ஸாவின் இந்திய வாடிக்கையாளர் விவரம் திருட்டுப் போனதாக ஏப்ரலில் செய்தி வந்தது. 18 கோடி ஆர்டர்கள் என்று திருடியவர்கள் சொன்னார்கள். பட்டியலை விற்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மே மாதத்தில் அதை வைத்து ஒரு தேடுபெட்டியே செய்து இணையத்தின் இருட்டுப் பகுதியில் வைத்தார்கள். யாருடைய போன் எண்ணையாவது தட்டினால், அந்த எண்ணில் இருந்து கொடுத்த ஆர்டர்கள், போய்ச் சேர்ந்த விலாசம், வரைபடத்தில் இடம், செலவழித்த மொத்தத் தொகை எல்லாம் வரும். 2002இல் ஆர்டர் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஆள்தான் மாட்டுவார். இங்கே தேடுகிறவர், தனக்குத் தெரிந்த ஆளையே தேடலாம். வீடு மாறிப்போன பெண்ணின் புது விலாசத்தை, போன் எண் மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவன் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தியாவில் டாமினோஸை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ், பாதுகாப்பில் ஒரு சம்பவம் நடந்ததை ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களின் பணம், கார்டு சம்பந்தப்பட்ட விவரம் எதுவும் போகவில்லை, அவற்றைத் தாங்கள் சேமித்து வைப்பதே இல்லை என்றும் சொன்னது. அது உண்மைதான். நாஷுவாவில் ஸ்டிங் சி.டி. விற்ற நாளில் இருந்தே கார்டு பத்திரமாகத்தான் இருக்கிறது.

அப்போது இந்தியாவில் தனிநபர் விவரங்களுக்கென்று முழுமையான சட்டம் கிடையாது. 2023 ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கார்டு எண், ஆர்டர் விவரம் என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு ஆளை அடையாளம் காட்டும் எதுவும் தனிநபர் தரவுதான், நேற்று ராத்திரி அவர் வரவழைத்த பீட்ஸா உட்பட.